நிழலையும் வரவில் எழுதுங்கள்: எங்கள் ஊர் மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மன்றத் தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், குறிப்பாகப் பொறியியல் பிரிவு, நிலவனப்புப் பிரிவு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கடைத்தெருவில் சந்தைப் பக்கம் மிச்சமிருக்கும் மரங்களில் சிவப்புச் சாயத்தால் குறி போட்டிருக்கிறீர்கள். கேட்டால், அவற்றை எடுத்துவிட்டுக் கார் நிறுத்தும் கட்டங்கள் போடப் போவதாகச் சொல்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பசுமை, பறவை, அழகு என்று பேசப் போவதில்லை. அதெல்லாம் எனக்கும் பிடிக்கும், ஆனால் ஒப்பந்தமும் ஒதுக்கீடும் பேசுகிற கூட்டத்தில் அது எடுபடாது என்று தெரியும். அதனால் காசைப் பற்றியே பேசுகிறேன். அந்த மரநிழல் இந்த ஊர் வியாபாரத்துக்கு வருமானம், உங்கள் மன்றத்துக்கும் வருமானம். மரத்தின் பெயரில் கிளை வெட்டும் கூலியும் இலை பெருக்கும் கூலியும் மட்டும் செலவாக எழுதப்படுகின்றன, அது கொண்டுவந்து தரும் பணத்தை யாரும் எங்கும் எழுதுவதில்லை. எழுதாததால் அது இல்லை என்று ஆகிவிடாதே.

உங்களை நாங்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, 1976இல் வந்த ஊராட்சிச் சட்டம் அதை அடியோடு எடுத்துவிட்டது, அன்றிலிருந்து மாநில அரசு நியமிக்கிறவர்கள்தான் எங்கள் தெருவைப் பற்றி முடிவெடுக்கிறீர்கள். வாக்குச் சீட்டில் சொல்ல வழியில்லாததை எழுதித்தான் சொல்ல வேண்டும், அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நம் கடைத்தெரு ஒரே தெருதான், ஆனால் இப்போது இரண்டு தெரு போல இருக்கிறது. தபால் நிலையத்துப் பக்கம் இருந்த மரங்கள் லோங்காங்கை (தெருவோரச் சாக்கடையை) அகலப்படுத்தும் வேலையின்போது வெட்டப்பட்டன. அங்கே நீங்கள் வைத்தவை எல்லாம் பனை வகை. நெடுநெடுவென்று வளர்கின்றன, படம் எடுத்தால் அழகாகவும் இருக்கின்றன, ஆனால் நண்பகலில் ஒரு மோட்டார் சைக்கிளுக்குக்கூட நிழல் தருவதில்லை. சந்தைப் பக்கம் பழைய அங்சானாவும் தூங்குமூஞ்சி மரங்களும் அப்படியே நிற்கின்றன. இரண்டு பக்கமும் அதே மேற்குப் பார்த்த கடைகள், அதே அகலத் தார்ச்சாலை, அதே கட்டண விகிதத்தில் பார்க்கிங். மரம் இருப்பதும் இல்லாததும் மட்டுமே வித்தியாசம் என்று சொல்லுமளவுக்கு இவ்வளவு சுத்தமான ஒப்பீடு எந்த ஆய்வாளருக்கும் லேசில் கிடைக்காது. நான் தபால் நிலையத்துப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன், அதனால் தினமும் கண்ணால் பார்ப்பதைத்தான் சொல்கிறேன்.

மதியம் மூன்று மணிக்கு மேல் வந்து பாருங்கள். சந்தைப் பக்கம் பார்க்கிங் கட்டம் ஒன்றுகூடக் காலியாக இருக்காது, ஆட்கள் இடத்துக்காகச் சுற்றிச் சுற்றி வருவார்கள். எங்கள் பக்கம் கட்டங்கள் காலியாகவே கிடக்கும். வந்து நிறுத்துகிறவர்களும் எஞ்சினை அணைக்காமல் ஒருவரைக் காருக்குள் உட்கார வைத்துவிட்டு, இன்னொருவர் ஓடிவந்து கேட்டதை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார். மளிகைக் கடைக்காரனுக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பருப்பு வாங்க வந்தவர் நின்று நாலு வார்த்தை பேசும்போதுதான் அப்பளமும் ஊதுபத்தியும் பிள்ளைகளுக்கு முறுக்கும் ஞாபகத்துக்கு வரும். நின்று பேச முடியாத தெருவில் எழுதிக் கொண்டுவந்த சீட்டில் உள்ளது மட்டும்தான் விற்கும். அதையும்கூட இப்போது கைப்பேசியில் தட்டினால் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதை இருக்கிறதே, நிழலுக்கு அது போதாதா என்று உங்கள் அதிகாரி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 1822இல் ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகர விதிகளில் தொடங்கி மலாயா முழுக்கப் பரவிய அந்த நடைபாதை நல்ல ஏற்பாடு, மழைக்கும் உச்சி வெயிலுக்கும் அதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் வெயில் தலைக்கு மேல் இருக்கும்போதுதான் கூரை காக்கும். மூன்று மணிக்கு மேல் மேற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயில் ஐந்தடியையும் தாண்டிக் கடைக்குள் நுழைந்து அரிசி மூட்டை வரைக்கும் அடிக்கிறது. அதைத் தடுக்கக் கடை முகப்பையும் தாண்டி உயர்ந்து தெருவோரம் கவிந்து நிற்கும் கிளை வேண்டும். அந்த நேரம்தான் நம் ஊரில் வியாபார நேரமும்கூட. பள்ளி விடுவதும், தோட்டத்திலும் செம்பனை ஆலையிலும் காலை வேலை முடிந்து ஆட்கள் டவுனுக்கு வருவதும் அப்போதுதான்.

நான் கடைக்கு முன்னால் கித்தான் திரை கட்டியிருக்கிறேன். திரை போட்டால் வெயில் குறைகிறது, ஆனால் கடை மூடியிருக்கிறது என்று நினைத்து ஆட்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். குளிர்பானப் பெட்டியின் மோட்டார் பிற்பகல் முழுக்க ஓயாமல் ஓடுகிறது, மின்கட்டணம் ஏறுகிறது. பக்கத்துப் பூக்கடை அக்கா மல்லிகைச் சரத்தை ஈரத்துணியால் மூடி மூடி வைத்தும் சாயங்காலப் பூசைக்கு ஆள் வரும்போது பாதி வாடிக் கிடக்கிறது. கச்சாங் பூத்தே (வறுத்த கடலை வகை) விற்கும் தள்ளுவண்டிக்காரர் மரம் போனதும் சந்தைப் பக்கம் நகர்ந்துவிட்டார், வடைக் கடையும் அவர் பின்னாலேயே போய்விட்டது. வாடகைக் கடை எடுக்க முடியாதவர்களுக்கு மரம்தான் இலவசக் கூரை. அவர்களைப் பார்த்து வருகிற கூட்டம்தான் எங்கள் கடைகளுக்குள்ளும் எட்டிப் பார்க்கும். எங்கள் வரிசையில் சில கடைகள் மூடிக் கிடப்பதற்கு மரம் போனது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். நெடுஞ்சாலையோரப் பேரங்காடி இருக்கிறது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு சனங்கள் வேலை தேடிக் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போனதும் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டையும் உங்களால் மாற்ற முடியாது. நிழலை உங்களால் தர முடியும்.

இது ஒரு கடைக்காரனின் புலம்பல் என்று நினைக்க வேண்டாம், உலகத்தில் இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்லீன் வுல்ஃப் கடைத்தெருக்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர். நன்றாகப் பராமரிக்கப்பட்ட பெரிய மரங்கள் உள்ள தெருவில் அதே பொருளுக்கு 9 முதல் 12 விழுக்காடு வரை கூடுதலாகக் கொடுக்கத் தயார் என்று வாடிக்கையாளர்கள் சொன்னதை அவர் பதிவு செய்திருக்கிறார். அப்படிப்பட்ட தெருவில் அதிக நேரம் இருப்போம், அதற்காகத் தூரத்திலிருந்தும் வருவோம் என்றும் சொன்னார்கள். கேள்விக்குச் சொன்ன பதில் வேறு, கல்லாவில் விழும் காசு வேறு என்பது எனக்கும் தெரியும், அதில் பாதியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் எங்களைப் போன்றவர்களுக்கு அது கடை வாடகையில் ஒரு பங்கு. கலிபோர்னியாவில் சேக்ரமெண்டோ நகரில் வீட்டின் மேற்கிலும் தெற்கிலும் நின்ற மரங்கள் கோடைக்கால மின் பயன்பாட்டை ஏறக்குறைய 5 விழுக்காடு குறைத்தன என்று 2009இல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. அங்கே கோடை சில மாதம்தான். நமக்கு ஆண்டு முழுக்கக் கோடை. நியூயார்க் மாநகரம் தன் தெரு மரங்களை எண்ணி, அவற்றுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 5.60 டாலர் பலன் திரும்புகிறது என்று 2007இல் கணக்கு வெளியிட்டது. மரத்துக்குப் பண மதிப்புப் போட முடியாது என்று யாராவது சொன்னால், லண்டன் பெர்க்லி சதுக்கத்தில் உள்ள ஒரே ஒரு பழைய பிளேன் மரத்துக்கு 2008இல் ஏழரை லட்சம் பவுண்டு மதிப்புப் போட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இதில் உங்கள் பொறியியல் பிரிவுக்கு நேரடியாகச் சேர வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் நிழலுள்ள தெருவையும் நிழலில்லாத தெருவையும் ஒப்பிட்டார்கள். வெயிலில் கிடக்கும் சாலைக்கு 30 ஆண்டில் 6 முறை மேற்பூச்சு தேவைப்படும், பெரிய மரங்கள் கவிந்த சாலைக்கு 2.5 முறை போதும், செலவில் பாதிக்கு மேல் மிச்சம் என்று வந்தது. வெயிலில் தார் இளகி, அதிலுள்ள எண்ணெய்ப் பசை போய், வறண்டு வெடிக்கிறது, அதுதான் காரணம். மொடெஸ்டோ வறண்ட ஊர், நம் ஊர்ச் சாலையை மழையும் செம்பனை லோரியும் சேர்ந்து கெடுக்கின்றன, ஆகவே அதே எண் இங்கே வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தபால் நிலையத்துப் பக்கச் சாலையை நீங்களே எத்தனை முறை ஒட்டுப் போட்டீர்கள், சந்தைப் பக்கம் எத்தனை முறை போட்டீர்கள் என்று உங்கள் கோப்பிலேயே இருக்கும். எடுத்துப் பாருங்கள், வெளியிடுங்கள்.

அடுத்தது கதவு வரி. கடையின் ஆண்டு மதிப்பை வைத்துத்தான் நீங்கள் வரி போடுகிறீர்கள், ஆண்டு மதிப்பு என்பது அந்தக் கடை என்ன வாடகைக்குப் போகும் என்ற மதிப்பீடுதான். ஆட்கள் நடக்காத தெருவில் வாடகை ஏறாது, வாடகை ஏறாத இடத்தில் வரியையும் உயர்த்த முடியாது. கடை காலியாகக் கிடந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆள் இல்லாத கட்டடத்துக்குக் கட்டிய வரியில் கழிவு கேட்க ஊராட்சிச் சட்டத்தின் 162ஆவது பிரிவு உரிமையாளருக்கு இடம் தருகிறது. அதாவது மூடிய கடையால் எங்களுக்கு மட்டும் நஷ்டமில்லை, உங்கள் கருவூலத்திலிருந்தும் பணம் வெளியே போகிறது. புதிதாகப் போடும் கட்டங்களில் கிடைக்கும் பார்க்கிங் கட்டணத்தை வரவில் எழுதும்போது, நிழலில்லாமல் காலியாகக் கிடக்கும் கட்டங்களையும், குறையப்போகும் இந்த வரியையும் எதிர்ப்பக்கத்தில் எழுதிப் பார்த்தீர்களா?

மரம் விழுந்தால் யார் பொறுப்பு என்பீர்கள். இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. 2024 மே 7ஆம் தேதி கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் இறந்தார், பல வாகனங்கள் நசுங்கின, மோனோரயில் பாதையும் அடிபட்டது. அந்தப் படங்களைப் பார்த்த எந்த அதிகாரிக்கும் மரத்தைப் பார்த்தால் பயம் வரும், தப்புச் சொல்ல முடியாது. ஆனால் தெருமரம் பெரும்பாலும் தானாக விழுவதில்லை. லோங்காங் வெட்டும்போதும் குழாய் பதிக்கும்போதும் ஒரு பக்க வேரை அறுத்துவிடுகிறார்கள். அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசி, காற்றும் தண்ணீரும் போகாமல் வேரை அழுக வைக்கிறார்கள். பந்தலுக்கு ஒரு பக்கக் காலைப் பிடுங்கிவிட்டுப் பந்தல் சாய்ந்ததற்குப் பந்தலையே குறை சொல்வது போன்றது அது. அப்புறம் கிளை வெட்டும் வேலை. மரத்தின் தலையை மொட்டையாக அறுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று ஒப்பந்தக்காரர் நினைக்கிறார். மொட்டையடித்த இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும் புதுக் கிளைகள் மேல் மரப்பட்டையோடு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்பவை, உள்மரத்தில் பிடிப்பு இருக்காது, வெட்டுக்காயம் வழியாக அழுகலும் இறங்கும், சில ஆண்டுகளில் அந்தக் கிளைகள் கனத்து முறிந்து விழும். பாதுகாப்புக்கு என்று செய்த வேலையே ஆபத்தைக் கொண்டுவருகிறது, அதற்கும் நாம்தான் பணம் கொடுக்கிறோம்.

ஆகவே நான் கேட்பது பயத்தை ஒதுக்கிவிடுங்கள் என்பதல்ல. மரங்களைப் பரிசோதிக்கத் தெரிந்த சான்றிதழ் பெற்ற ஆர்பரிஸ்டுகள் நம் நாட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்கென்று மலேசிய அளவில் சங்கமும் இருக்கிறது. சிவப்புக் குறி போட்ட ஒவ்வொரு மரத்தையும் அப்படி ஒருவரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பொந்து விழுந்ததா, வேர் அறுந்ததா, கிளையைக் குறைத்தால் போதுமா, முழுதாக எடுத்தே ஆக வேண்டுமா என்று மரம் மரமாக எழுதி வாங்குங்கள். உண்மையிலேயே செத்துக்கொண்டிருக்கும் மரத்தை எடுக்க வேண்டாம் என்று எந்தக் கடைக்காரரும் வந்து மறிக்க மாட்டார், நானே முதல் ஆளாக ஒத்துக்கொள்வேன். ஆனால் கார் நிறுத்த இடம் வேண்டும் என்பதற்காக நல்ல மரத்தை எடுப்பதை ஆபத்து என்ற பெயரில் செய்யக் கூடாது.

சட்டமும் இருக்கிறதே. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டத்தில் 1995இல் மரப் பாதுகாப்புக்கென்று ஒரு பகுதியையே சேர்த்தார்கள். சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை ஊராட்சித் திட்ட அதிகாரத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 35எச் பிரிவு சொல்கிறது. செத்த மரம், உடனடி ஆபத்தைத் தவிர்க்க வேண்டிய மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. நம் கடைத்தெரு மரங்களை ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாது, அவ்வளவு பருமன். தனியார் ஒருவர் தன் நிலத்தில் இப்படி ஒரு மரத்தை வெட்ட உங்களிடம்தான் அனுமதி கேட்டு வர வேண்டும், அப்போது நீங்கள் காரணம் கேட்பீர்கள். அதே காரணத்தை உங்கள் சொந்த வேலைக்கும் எழுதி வைத்து எங்களுக்குக் காட்டுங்கள்.

இலை லோங்காங்கை அடைக்கிறது, வேர் நடைபாதையைத் தூக்குகிறது, மைனா எச்சம் காரில் விழுகிறது என்ற புகார்களும் உங்களிடம் நிறைய வந்திருக்கும். உண்மைதான். அது மரத்தின் தவறு என்பதைவிட இடத்துக்கு ஏற்ற மரத்தை வைக்காததன் விளைவு. தூங்குமூஞ்சி மரம் திடலுக்கும் பேருந்து நிலையத்துக்கும் ஏற்றது, நெருக்கமான கடைவரிசைக்கு அது பெரிது. அங்சானா வெட்டி நட்ட போத்திலிருந்தே சீக்கிரம் வளரும், நிழலும் சீக்கிரம் தரும், ஆனால் கிளை முறியும் குணமும் அதற்கு உண்டு. வெட்டிய இடங்களில் புதிதாக வைப்பதற்கு மகிழம் இருக்கிறது, புன்னை இருக்கிறது, புங்கம் இருக்கிறது. மூன்றும் நம் தமிழ்ச் சனங்களுக்குப் பழக்கமான மரங்கள், மூன்றும் இந்தத் தீபகற்பத்திலும் இயல்பாக வளர்பவை. மகிழத்தையும் புன்னையையும் நம் நாட்டு நகரங்களில் சாலையோரம் நடுவதும் புதிதல்ல. இலை அடர்த்தி, நடுத்தர உயரம், கடை முகப்பை மறைக்காமல் கீழ்க்கிளையை உயர்த்தி வளர்க்கவும் முடியும். கட்டம் போடுவதையும் மரத்தையும் எதிரெதிராகப் பார்க்க வேண்டியதில்லை, சில கட்டங்களுக்கு ஒரு குழி விட்டால் ஒரு மரம் நிற்கும், அதன் நிழல் இரண்டு பக்கக் கட்டங்களையும் விலைபோகும் கட்டமாக ஆக்கும். குழியை மட்டும் கஞ்சத்தனம் இல்லாமல் அகலமாக விடுங்கள், சிமெண்டைப் பூசிவிடாதீர்கள்.

தைப்பிங்கைப் பாருங்கள். ஈயம் தோண்டிப் போட்ட குட்டைகளை 1880இல் ஏரிப் பூங்காவாக மாற்றினார்கள், கரையோரம் வைத்த தூங்குமூஞ்சி மரங்கள் இன்று சாலையைத் தாண்டித் தண்ணீரைத் தொடும் அளவுக்குக் கிளை பரப்பி நிற்கின்றன, அதைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிச் சாப்பிட்டுச் செலவழித்துப் போகிறார்கள். ஈயம் தீர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, மரம் இன்னும் அந்த ஊருக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறது. நம் ஊரில் ரப்பர் பால்மரம் போனது, தோட்டத்து லயங்கள் போயின, பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்ற இடங்களில் இப்போது செம்பனை நிற்கிறது. தோட்டத்துச் சனங்களுக்கு டவுன் என்றால் இந்தக் கடைத்தெருதான், பொங்கலுக்குக் கரும்பும் தீபாவளிக்குத் துணியும் இங்கேதான் வாங்கினார்கள். இன்றும் வார இறுதியில் பேருந்துக்கு நிற்கும் பாட்டிகள், சம்பள நாளில் வரும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், டெலிவரிப் பையன்கள் எல்லாரும் அந்த மரங்களுக்குக் கீழேதான் ஒதுங்குகிறார்கள். குளிரூட்டிய பேரங்காடிக்குக் காரில் போக முடியாதவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி.

2021இல் நாடு முழுக்க 10 கோடி மரம் நடும் இயக்கம் தொடங்கியபோது நம் ஊரிலும் கன்று நட்டுப் படம் எடுத்தோம், நானும் அந்தப் படத்தில் இருக்கிறேன். நல்ல காரியம்தான். ஆனால் இன்று நடும் கன்று ஒரு கடை முகப்புக்கு நிழல் தர எத்தனையோ ஆண்டுகள் ஆகும், நிற்கிற மரம் இன்றைக்கே தருகிறது. எதை வளர்க்கச் செலவழிக்கிறோமோ அதுவே முழு அளவில் கையில் இருக்கும்போது அதை வெட்டுவதில் கணக்கு எங்கே இருக்கிறது?

எனக்கு வேண்டியது இதுதான். மன்றத்தின் அடுத்த முழுக்கூட்டத்தில் இதைப் பொருளாக வைத்துப் பேசுங்கள், ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்பே. ஆர்பரிஸ்டு அறிக்கை வரும்வரை ஒரு மரத்தையும் தொட வேண்டாம், அறிக்கை வந்ததும் மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கிளை வெட்டும் ஒப்பந்தத்தில் தலையை மொட்டையடிக்கக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். தபால் நிலையத்துப் பக்கம் மகிழமோ புன்னையோ வைக்கக் குழி வெட்டிக் கொடுங்கள், கடைத்தெரு பார்க்கிங் கட்டணத்தில் ஒரு சிறு பகுதியை அதற்கு ஒதுக்குங்கள். எங்கள் வரிசைக் கடைக்காரர்களிடம் பேசிவிட்டேன், தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் சேர்ந்துதான் சொல்கிறோம்: கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதும், அவரவர் கடை முன்னால் விழும் இலையை லோங்காங்கில் விழாமல் கூட்டி அள்ளுவதும் எங்கள் பொறுப்பு. முன்தொகையாக ஏதாவது கட்டச் சொன்னாலும் கட்டத் தயார். அதை எழுத்தில் கொடுக்கவும் தயார், நீங்களும் எழுத்தில் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தபால் நிலையத்துப் பக்க மளிகைக் கடைக்காரன்